குயில் உனக்கா கூவுது?

வா கண்ணு, திண்ணையில ஒக்காரு. ரமணாசிரமத்துல மயிலு அகவுனப்போ கண்ணை மூடிகினு இருந்தியே, பார்த்தேன். ஏதோ சேதி வரும்னா? வந்துதா?

எனக்குத் தெரிஞ்ச சேதி சொல்றேன், கேளு. மழைக்காலத்துல ஆம்பளை மயிலு பொட்டையைக் கூப்புடுது. அவ்ளோதான். கூப்புட்டு முடிச்சு நேரா எம் மல்லாட்டைக் கொல்லையில பூந்துடும். 1963லயே தேசியப் பறவைன்னு பட்டம் கட்டிட்டாங்க. கல்லு விட முடியுமா? "போயிடு சாமி"ன்னு கும்புட்டுகினு நிக்கிறேன்.

குயிலு கூவுனா உருகுறியே, கூவுறது ஆம்பளை. அது காக்காவை இழுத்துகினு ஓடுற சந்துல, பொட்டைக்குயிலு காக்கா கூட்டுல முட்டை வெச்சுட்டு வந்துரும். புருசன் கச்சேரி, பொண்டாட்டி களவு! இதுக்கா கண்ணைத் தொடைச்சுக்கிற?

விடியக்காலம் கரிச்சான் கத்துனா எங்கப்பன் ஏரு பூட்டுவாரு. ஆள்காட்டி அலறுனா கொல்லையில எவனோ நடக்குறான். தவிட்டுக்குருவி கும்பலா கூச்சல் போட்டா வேலியோரம் காலு வெக்காத, பாம்பு கீது. சேதின்னா இது. இதைக் கேக்கக் காசு கட்டி முகாமுக்கு வரணுமா? காதுல மாட்டின வயரைக் கழட்டுனா போதாதா? வேப்பமரத்தடியில ஒக்காந்து செல்லுல குருவிச் சத்தம் கேக்குற. மேல ஒக்காந்திருக்கிற குருவி இன்னா நெனைக்கும்?

1947ல பரோடா ராணி ரமணருக்கு ஒரு வெள்ளை மயிலு அனுப்புனாங்க. அது அகவுறதுக்கு அர்த்தமா தேடுனாரு அவரு? பூனை கீனை கடிச்சுட்டா இன்னா பண்றது, யாரு பார்த்துக்கிறதுன்னுதான் கவலைப்பட்டாரு. ஆசிரமத்துல பசு லட்சுமி சமாதிக்குப் பக்கத்துல காக்காவுக்கும் ஒரு சமாதி கீது, பார்த்தியா? அது இன்னா உபதேசம் பண்ணிருக்கும்? "கா"ன்னுதான் கத்திருக்கும். கூட இருந்துச்சு, செத்துச்சு, மரியாதையாப் பொதைச்சாங்க. அது போதும்டா நைனா.

அர்த்தம் தேடுறவன் ஆகாசத்தைப் பார்ப்பான். அக்கறை உள்ளவன் தொட்டியில தண்ணி ஊத்துவான்.

சரி சரி, எழுந்திரு. காலையிலேர்ந்து கூரை மேல ஒரு காக்கா கத்துது. விருந்தாளி வரும்னு கெழவி ஒரு ஆழாக்கு அரிசி சேர்த்துப் போட்டா. நீயும் வந்துட்ட. எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கெடையாது, சொல்லிட்டேன்.

கையைக் கழுவு. முதல் உருண்டை அந்தக் காக்காவுக்கு.