துண்டு போட்ட சீட்டு

பெரிய பிசினஸ் ஸ்கூல்களின் தேர்வுக் குழுவினரை வாயாரப் புகழ வேண்டும். மீசை முளைக்குமுன்பே முதலாளியை அடையாளம் காணும் கண் வேறு யாருக்கு வாய்க்கும்? ஹார்வர்டு 2007இல் ‘2+2’ என்றொரு வழியை அறிவித்தது. கல்லூரிப் படிப்பு முடியுமுன்பே எம்.பி.ஏ. சீட்டு, சாவகாசமாக இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து உட்காரலாம். நம் ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யும் ‘யங் லீடர்ஸ்’ என்று பெயர் வைத்து அதையே செய்தது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்குமுன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர்களை இனி யாரும் திட்டாதீர்கள்.

தலைமைப் பண்பை அவர்கள் கண்டெடுக்கும் நுட்பம் இன்னும் அருமை. அப்பாவின் நண்பர் கம்பெனியில் இன்டர்ன்ஷிப், அந்த நண்பரே எழுதித் தந்த சிபாரிசுக் கடிதம், கோடை விடுமுறையில் தொடங்கி விடுமுறையோடு முடிந்த தொண்டு நிறுவனம், கட்டுரையைச் செதுக்கித் தர ஓர் ஆலோசகர், டாலரில் பணம் கட்டி எழுதிய ஜிமேட். இருபது வயதில் இத்தனை சுமக்கிற பிள்ளை தலைவனாகாமல் வேறு யார் ஆவது?

அதே புதுக்கோட்டைச் சீமையில், வடகாடு, கீரமங்கலம் பக்கத்தில் ஆடி மாத மொய் விருந்துப் பந்தலில் ஒரு கல்லூரிப் பெண் நோட்டைப் பிரித்து உட்கார்ந்திருப்பாள். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை. யார் எந்த வருஷம் என்ன செய்தார், பழைய மொய் போகப் புது நடையாக, அதாவது புதிதாக, வைத்தது எவ்வளவு, அடுத்த வாரம் நாம் திருப்ப வேண்டியது எவருக்கு, எல்லாம் அவள் விரல் நுனியில். ஒரு பகல் கறிச்சோற்றில் லட்சங்கள் கைமாறும்; செக் கிடையாது, ஜாமீன் கிடையாது. தேர்வுக் குழுவினர் இதைக் கண்டுகொள்ளாததும் ஒரு பெருந்தன்மைதான். ‘கிளப் தலைவர்’ என்று எழுத வேண்டிய இடத்தில் மொய் நோட்டை எழுதினால் விண்ணப்பத்தில் மசாலா வாசனை அடிக்காதா?

நம் தனியார் கல்லூரிகளின் கருணையையும் விட்டுவிடக் கூடாது. 2005இல் இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 15 சதவீதத்துக்கு மிகாமல் வெளிநாடுவாழ் இந்தியர் (என்.ஆர்.ஐ.) ஒதுக்கீட்டை அனுமதித்தது, அந்தப் பணத்தைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த கட்டணத்தில் படிக்க வைக்கவும் சொன்னது. முதல் பாதியை மனப்பாடம் செய்த கல்லூரிகள் பல உண்டு. பஞ்சாப் அரசு பாசம் மிகுந்து, என்.ஆர்.ஐ. மருத்துவ சீட்டுக்கு மாமா, அத்தை, சித்தப்பா உறவையெல்லாம் சேர்த்துக்கொண்டது. 2024 செப்டம்பரில் அதே நீதிமன்றம் அதை மோசடி என்றது. குடும்பப் பாசம் தெரியாதவர்கள்.

யாரையும் ஒதுக்கிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வடகாட்டுப் பெண்ணின் அப்பாவும் சட்டப்படி என்.ஆர்.ஐ.தான். விண்ணப்பத்தில் அவருக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. டிக் அடித்துவிட்டு டாலரைக் கட்ட வேண்டியதுதான்.