வான்கூவர் கடிதம்: ஏற இலவசம், இறங்கக் காசு

வான்கூவருக்கு வடக்கே, கடல்கழியைத் தாண்டி நிற்கும் கிரௌஸ் மலையில் செங்குத்தாக ஏறும் நடைபாதைக்கு கிரௌஸ் கிரைண்ட் என்று பெயர். நீளம் 2.5 கிலோமீட்டர், ஏற்றம் 800 மீட்டர், படிகள் 2,830. பழனிப் படிகளைப் போல் நான்கு மடங்கு. உச்சியில் சந்நிதி இல்லை, வேண்டுதல் இல்லை, பஞ்சாமிர்தமும் இல்லை. ஆனாலும் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறுகிறார்கள். தொப்பை கரையும் என்பதே ஸ்தல மகிமை. ஊரிலிருந்து வந்த ஆறே மாதத்தில் பேன்ட் இறுகிப்போகும் கணினிக்காரர்களுக்கு, உடன் வேலை பார்ப்பவர்கள் முதலில் சொல்லும் பரிகாரமும் இதுதான்.

பாதை பழையதல்ல. 1980-களின் தொடக்கத்தில் டான் மெக்ஃபெர்சன், ஃபில் செவரி என்ற இரண்டு மலையேறிகள், குளிர்காலம் தவிர்த்த மாதங்களிலும் பயிற்சி செய்ய ஓரிடம் வேண்டும் என்று காட்டுக்குள் வெட்டிய தடம் அது. காட்சி பார்க்க வெட்டியதில்லை என்பது ஏறும்போது நன்றாகவே தெரியும். வழி நெடுக செடார், ஹெம்லாக், டக்ளஸ் ஃபர் மரங்கள் வானத்தை மறைத்து நிற்கின்றன. கண்ணுக்குத் தெரிவது முன்னால் போகிறவரின் குதிகால் மட்டுமே. படிகளும் ஒரே அளவில் இல்லை. சில கணுக்கால் உயரம், சில முழங்கால் உயரம். சில வெட்டிப் போட்ட மரக்கட்டை, சில மழையில் வழவழத்த பாறை, சில வெறும் வேர். நூறு மீட்டர் நடந்தால் முப்பது மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும்.

கால்வாசி, அரை, முக்கால் என்று வழியில் பலகைகள் உண்டு. இவற்றில் இரக்கமற்றது முதல் பலகை. சட்டை முழுக்க நனைந்து, காது அடைத்து, எப்படியும் பாதியாவது வந்திருப்போம் என்று நம்புகிறவருக்கு அது கால்வாசி என்று அறிவிக்கிறது. இன்னொரு கொடுமையும் உண்டு. இந்தப் பாதையில் ஏறத்தான் அனுமதி, இறங்க அனுமதி இல்லை. நம் மலைகளில் என்றால் எதிரே இறங்கி வருகிறவர்கள் "இதோ வந்துடுச்சு, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று வாய் கூசாமல் பொய் சொல்லித் தேற்றுவார்கள். இங்கே அந்தப் பொய்க்கும் வழியில்லை.

புதிதாக ஏறுகிறவருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கலாம். பழகியவர்கள் ஒரு மணியை ஒட்டி முடிக்கிறார்கள். 2010-ல் நடந்த மலையோட்டப் போட்டியில் செபாஸ்டியன் சலாஸ் 25 நிமிடம் 1 விநாடியில் உச்சியைத் தொட்டார். வேகமாக வருகிறவர் பின்னாலிருந்து "சாரி" என்பார். வழிவிடுகிறவரும் "சாரி" என்பார். மூச்சு வாங்கும் நேரத்திலும் கனடியர்கள் இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்ப்பதில்லை.

உடற்பயிற்சிக் கணக்கு சுவாரசியமானது. 70 கிலோ எடையை 800 மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் வேலை ஏறக்குறைய 130 கிலோகலோரிதான். ஆனால் தசைகள் எரிக்கும் சக்தியில் கால்வாசிக்கு மிகாமல்தான் வேலையாக மாறுகிறது. மீதி சூடாக வெளியேறுகிறது. எனவே மொத்தச் செலவு 500 கிலோகலோரியைத் தாண்டும். தொடையும் பிட்டமும் கெண்டைக்காலும் பெரிய தசைகள். அவை ஒன்றாக ஆக்சிஜன் கேட்கும்போது இதயம் வேகமெடுக்கத்தான் செய்யும். பேச்சு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் ஓடவில்லை என்றால் வேகம் அதிகம் என்று பொருள். சற்று நின்று போவதே புத்தி. உச்சியில் உணவகம் இருக்கிறது. சர்க்கரை தூவிய ஒரு பலகாரமும் கிரீம் மிதக்கும் ஒரு காபியும், செலவான கணக்கைப் பெருமளவு நேர்செய்துவிடும்.

தனியாக ஏறுகிறவர்கள் நிறைய. கோடைச் சனிக்கிழமைகளில் அதைத் தனிமை என்று சொல்ல முடியாது, அவ்வளவு கூட்டம். வாரநாளின் பிற்பகல் வேறு கதை. எந்தப் பாதை, எப்போது திரும்பி வருவது என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது இங்கே பழக்கம். தண்ணீர், நெற்றிவிளக்கு, மாற்றுச் சட்டை மூன்றும் பையில் இருக்க வேண்டும். மரங்களுக்கடியில் சீக்கிரமே இருட்டிவிடும். செல்போன் வெளிச்சத்தை நம்பினால் பாதி வழியில் பேட்டரி கைவிடும். வியர்த்த சட்டையோடு உச்சிக் காற்றில் நின்றால் கோடையிலும் பல் தந்தியடிக்கும். சுளுக்கோ மயக்கமோ வந்தவர்களைத் தேடிவருவது நார்த் ஷோர் ரெஸ்கியூ என்ற தன்னார்வலர் குழு. அவர்கள் காசு வாங்குவதில்லை.

காசு வாங்குவது ரோப்கார். பழனியில் ஏற முடியாதவர்கள் சீட்டு வாங்கி மேலே போகிறார்கள். இங்கே முட்டி தேய ஏறி முடித்தவர்கள் சீட்டு வாங்கிக் கீழே வருகிறார்கள், ஒருவழிக்கு 20 டாலரை ஒட்டி. வியாபாரம் என்று சொன்னாலும் உடலுக்கு இதில் நியாயம் உண்டு. இறங்கும்போது தொடைத்தசைகள் நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டியிருக்கிறது. மறுநாள் கழிப்பறையில் உட்காரவும் எழவும் முடியாத வலியைப் பெரும்பாலும் கொடுப்பது ஏற்றத்தைவிட இறக்கமே. சிக்கனக்காரர்களுக்குப் பக்கத்திலேயே பி.சி.எம்.சி. பாதை இருக்கிறது, அதில் நடந்தே இறங்கலாம்.

குளிர்காலத்தில் பனியும் பனிச்சரிவு அபாயமும் இருப்பதால் அடிவாரக் கதவைப் பூட்டிவிடுவார்கள். கீழே பூப்பூத்த பிறகும் மேல் பகுதியில் பனி உறைந்து கிடக்கும் என்பதால், வழக்கமாக மே மாதவாக்கில்தான் திறப்பு. லான்ஸ்டேல் கீ படகுத்துறையிலிருந்து 236-ஆம் எண் பேருந்து அடிவாரம் வரை போகிறது. திறந்த முதல் வாரயிறுதியில் காரில் போகிறவர்கள், வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி உடற்பயிற்சியை முடித்துவிடுவார்கள்.