பெருசு சொல்றேன், கேட்டுட்டு உள்ளே போங்க

வாங்க தம்பி, வாம்மா. வண்டியை மதில் ஓரமா நிறுத்துங்க. சாவி என்கிட்டதான் இருக்கு. வீடு என் தங்கச்சி மகளோடது. அவ கால்வேயில உக்காந்து போன்லயே வாடகைக்கு விடறா, நான் இங்கே சாவியும் புத்திமதியும் குடுக்கறேன். சாவியை சனிக்கிழமை திருப்பிக் குடுத்துடணும். புத்திமதியைத் திருப்பி வாங்கற வழக்கம் எனக்கு இல்ல.

படத்துல பார்த்த அதே வீடுதான். சுண்ணாம்பு அடிச்ச சுவர், சிவப்பு அரைக்கதவு, கைக்குட்டை காயப்போடற அளவுக்கு ஒரு ஜன்னல். அரைக்கதவு எதுக்குன்னு வர்றவங்ககிட்ட கேட்டுப் பார்ப்பேன். "அழகுக்கு"ம்பாங்க. கோழி உள்ளே வராம, குழந்தை வெளியே போகாம இருக்கறதுக்குப்பா! இப்போ கோழியும் இல்ல, குழந்தையும் இல்ல. கதவு மட்டும் வருஷம் தவறாம பெயிண்ட் அடிச்சுக்குது.

நடுவுல அடுப்படி, ரெண்டு பக்கமும் ரெண்டு அறை. இதுலதான் நாங்க ஒன்பது பிள்ளைங்க வளர்ந்தோம். பாதிப் பேர் கப்பலேறி இங்கிலாந்து, அமெரிக்கான்னு போயிட்டாங்க. நான் ரொம்ப தூரம் போகல. பக்கத்து மனையில பங்களா கட்டிக்கிட்டேன். சென்ட்ரல் ஹீட்டிங், ரெட்டைக் கண்ணாடி ஜன்னல், கால் வெச்சா கதகதன்னு கார்ப்பெட். எந்தக் குளிருக்குப் பயந்து நாங்க வெளியே ஓடினோமோ, அந்தக் குளிருக்குள்ள நீங்க ராத்திரிக்கு இவ்வளவுன்னு பணம் கட்டி நுழையறீங்க. கோவிச்சுக்காதீங்க. இதுக்கெல்லாம் காசு பெயரும்னு தெரிஞ்சிருந்தா எங்க அப்பன் எங்களுக்கே வாடகை போட்டிருப்பார்.

அயர்லாந்துக் கிராமங்களுக்குக் கரண்ட் இழுக்கற வேலையே 1946-லதான் ஆரம்பிச்சுது. எங்க வீட்டுல முதல் பல்பு எரிஞ்ச அன்னிக்கு எங்கம்மா சந்தோஷப்படல. மேலே அண்ணாந்து பார்த்து, "இத்தனை ஒட்டடையா இருந்துச்சு?"ன்னு துடைப்பத்தை எடுத்தாங்க. நீங்க என்னடான்னா வந்ததும் விளக்கை அணைச்சுட்டு மெழுகுவத்தி ஏத்துவீங்க. ஏத்துங்க. ஒட்டடை உங்க கண்ணுல படாது, என் தங்கச்சி மகளுக்கும் அது நல்லது.

இப்போ கவனமாக் கேளுங்க, விஷயத்துக்கு வர்றேன். துணி அடுக்கற அலமாரியைத் திறந்தா உள்ளே செம்புத் தொட்டி ஒண்ணு சட்டை போட்டுக்கிட்டு நிக்கும். வென்னீர்த் தொட்டி. சுவத்துல அதுக்கு ரெண்டு சுவிட்ச். ஒண்ணு போடறதுக்கு, அணைக்கறதுக்கு. இன்னொண்ணுல 'சிங்க்', 'பாத்'னு எழுதியிருக்கும். சிங்க்னா பாத்திரம் கழுவற அளவுக்கு மேல்தண்ணி மட்டும் சுடும், பாத்னா தொட்டி முழுக்கச் சுடும். இதுக்கு இம்மர்ஷன்னு பேரு. இந்த நாட்டுல கல்யாணம் நடக்கும்போது, சவ ஊர்வலம் போகும்போது, விமானத்துல ஏறி பெல்ட் போட்டதுக்கு அப்புறம், எல்லாருக்கும் வர்ற ஒரே கவலை, இம்மர்ஷனை அணைச்சோமான்னுதான். பாத்துல போட்டுட்டு நீங்க ஊர்ல இருக்கற கோட்டையைப் பார்க்கக் கிளம்பினா கரண்ட் பில் என் தங்கச்சி மகளுக்கு, அவ கத்தறது எனக்கு.

அடுத்தது தீ. வாளியில பழுப்பா அடுக்கி வெச்சிருக்கே, அது விறகு இல்ல, டர்ஃப். சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல் அளவுக்கு வெட்டி, நிமிர்த்தி வெச்சு, காத்துல காயப்போட்டு எடுக்கறது. அதைப் படுக்கப் போட்டு எரிக்கப் பார்க்காதீங்க. நாலைஞ்சு கட்டியை ஒண்ணோட ஒண்ணு சாயற மாதிரி நிக்க வெச்சு, நடுவுல காயிதமும் சுள்ளியும் போட்டு, காத்து வர வழி விடுங்க. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. பட்டணத்துக்காரங்களுக்கு இந்தக் கடைசி வேலைதான் வராது. கிளறுவாங்க, ஊதுவாங்க, தீப்பெட்டி காலியானதும் என் கதவைத் தட்டுவாங்க. ஒன்பது மணிக்குள்ள தட்டுங்க.

இந்த டர்ஃப் எங்கே கிடைக்கும்னு கேக்காதீங்க. 2022 அக்டோபர்ல இருந்து கடையில வெச்சு விக்கவோ விளம்பரம் போட்டு விக்கவோ கூடாது. புகை நெஞ்சுக்கு ஆகாது, அதுலயும் நியாயம் இருக்கு. சதுப்புல வெட்டற பாத்தியதை உள்ளவன் தன் வீட்டுக்கு வெட்டி எரிக்கலாம். எங்களுக்குப் பாத்தியதை உண்டு. வாளி எப்படி ரொம்பிச்சுன்னு இதுக்கு மேல ஆராய வேண்டாம்.

ஊர் இங்கேயிருந்து பத்து நிமிஷம். பிர், ஆஃபலி மாவட்டம், நாட்டுக்கு நடு மத்தி. பாரம்பரிய நகரம்னு போர்டு இருக்கும். வரிசை குலையாத ஜார்ஜியன் வீடுகளைப் பார்த்து எல்லாரும் உருகறாங்க. என் கணக்குல அதெல்லாம் தப்பிச்சது பக்தியால இல்ல, இடிச்சுட்டுப் புதுசா கட்ட ஒருத்தன்கிட்டயும் காசு இல்லாததால. சரித்திரத்துக்கும் குறைச்சல் இல்ல. போர்ல பொம்பளைங்களையும் குழந்தைங்களையும் கொல்லக்கூடாதுன்னு 697-லயே இங்கே கூடிச் சட்டம் போட்டாங்க. அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதி ஆட்டம் முதல் முதலா நடந்ததும் இங்கேதான், 1888 ஏப்ரல் 1. டிப்பரரி ஜெயிச்சுது, கால்வே தோத்துது. என் தங்கச்சி மககிட்ட இதைச் சொல்லிடாதீங்க.

கோட்டைக்குள்ள போனா தொலைநோக்கியை நின்னு பாருங்க. மூணாவது ரோஸ் பிரபு, வில்லியம் பார்சன்ஸ், 1845-ல முடிச்சது. 6 அடி விட்டத்துக்கு ஆடி. கண்ணாடி இல்ல, செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்த 3 டன் தட்டு. அதை உருக்க எரிச்சது இந்த டர்ஃபைத்தான். ரெண்டு பக்கமும் கல் மதில், நடுவுல குழாய். பக்கவாட்டுல அதிகம் திரும்பாது, வானம் சுத்தி வந்து நேரே நின்னாத்தான் பார்க்கும். எங்க ஊர்க்காரனுக்கும் அதே சுபாவம். வருஷத்துல பாதி நாள் ஏதாவது தூறிக்கிட்டே இருக்கற நாட்டுல உலகத்துலயே பெரிய கண்ணைக் கொண்டாந்து நட்டவரை என்ன சொல்ல? ஆனா மேகம் விலகின ஒரு ராத்திரியில, எம்51-ங்கற மேகப்பொட்டு சுருள் சுருளா இருக்கறதை முதல்ல பார்த்தவர் அவர்தான். 1917 வரைக்கும் அதைவிடப் பெருசு உலகத்துல எங்கேயும் இல்ல. அதே 1845-லதான் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிச்சு. பிரபு வானத்தை விட்டுட்டுப் பஞ்ச நிவாரணத்துல இறங்கினார். பிரபுக்களைப் பத்தி நல்லதாப் பேசறது எங்க அப்பனுக்குப் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்துல அவரும் வாயை மூடிக்குவார்.

வண்டி ஓட்டறது உங்க பொறுப்பு. இந்த ரோட்டுக்கு நடுவுல புல் முளைச்சிருக்கும், எதிர்ல டிராக்டர் வந்தா பின்னாடி போக வேண்டியது நீங்கதான். போனதும் அவன் ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரலைத் தூக்குவான். நீங்களும் ஒண்ணைத் தூக்குங்க, ஆள்காட்டி விரலை. முன்னே 80 போகலாம்னு போர்டு இருந்துச்சு, 2025 பிப்ரவரியில இருந்து 60-தான். அவசரப்படறவங்களுக்கு மேரி வார்டு கதையைச் சொல்லுவேன். நுண்ணோக்கி வெச்சுப் பூச்சியும் இறகும் பார்த்துப் புத்தகம் எழுதின அம்மா, பிரபுவோட சொந்தம். 1869 ஆகஸ்ட் 31-ல இதே ஊர்ல, பிரபுவோட பிள்ளைங்க செஞ்ச நீராவி வண்டியில போகும்போது வளைவுல விழுந்து சக்கரத்துல மாட்டி இறந்து போனாங்க. மோட்டார் வாகனத்துல உயிர் விட்ட முதல் ஆளுங்கள்ல ஒருத்தர். நடந்த இடம் நல்லாவே அகலமான ரோடு.

சமையல் உங்க பாடு. இந்த வாரம் அடுப்பு யார் கையிலன்னு ரெண்டு பேரும் இப்பவே தீர்மானிச்சுக்குங்க. அந்த அம்மாதான்னு ஆச்சுன்னா லீவு தம்பிக்கு மட்டும்தான். பேக்கன் பொரிக்கும்போது ஜன்னலைத் திறங்க, இல்லேன்னா புகை மணி அலறி ஆடு மிரளும். கடையில பீர், ஒயின் ராத்திரி 10 மணிக்கு மேல தரமாட்டாங்க. காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீங்க, பிளாஸ்டிக் பாட்டில் சின்னதுக்கு 15 சென்ட், பெருசுக்கு 25 சென்ட் திரும்ப வரும். மறந்தாலும் பரவால்ல, எடுத்துக் குடுக்க ஆள் இருக்கேன்.

வயல் நடுவுல ஒத்தையா ஒரு முள்மரம் நிக்குதே, அதுல துணி காயப்போட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத நல்ல சனங்களோட மரம் அது. அவங்களை அப்படித்தான் சொல்லணும், வேற பேர் சொன்னா அவங்களுக்குப் பிடிக்காது. சிரிக்காதீங்க. 1999-ல கிளேர் மாவட்டத்துல எடி லெனிஹன்னு ஒரு கதைசொல்லி சத்தம் போட்டு, இந்த மாதிரி ஒரு மரத்தை வெட்டாமலே பெரிய ரோட்டைப் போட வெச்சார். இன்ஜினியருங்க நம்பினாங்களான்னு தெரியாது, மரம் நின்னுச்சு. நானும் நம்பறவன் இல்ல. ஆனா வெட்டினதுக்கு அப்புறம் ராத்திரி தூங்கணுமில்ல?

கடைசியா ஒரு வேண்டுகோள். கிளம்பறதுக்கு முன்னாடி விருந்தினர் நோட்டுல நாலு வரி எழுதுவீங்க, போன்ல நட்சத்திரம் போடுவீங்க. மழைக்காக நட்சத்திரத்தைக் குறைக்காதீங்க, அது வாடகைக்குள்ள வராது. வீடு குளிருதுன்னும் எழுதாதீங்க. எழுதினா அவ ஹீட்டிங் போட்டுடுவா, வாடகை ஏறும், நீங்க டப்ளின்ல உங்க வீட்டுலயே இருந்திருக்கலாம்னு ஆயிடும். "அடக்கமான வீடு, அனுசரணையான பக்கத்து வீட்டுக்காரர்"னு எழுதுங்க. ரெண்டாவதைக் கொஞ்சம் பெரிய எழுத்துல.