லெபரான் பந்தியில் ஒரு மெக்சிகோ காய்

ஜகார்த்தாவுக்குக் குடிபோன புதிதில், காலையில் ‘சாயுர், சாயுர்’ (காய்கறி, காய்கறி) என்று கூவியபடி தள்ளுவண்டிக்காரர் தெருவுக்குள் வருவார். வண்டியில் நம்ம சௌசௌவைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் வீட்டில் அது பெங்களூர் கத்திரிக்காய். அவர் ‘லாபு சியாம்’ என்றார், சயாம் பூசணி. பக்கத்து வீட்டு இபு (அம்மா) ஜாவாக்காரர், அவர் ‘ஜிபாங்’ என்றார். உண்மையில் அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் கொடி.

காயைப் பக்குவம் பண்ணக் கற்றுக்கொடுத்ததும் அந்த இபுதான். நறுக்கினால் கையில் பிசுபிசுவென்று பால் ஒட்டும். முனையை வெட்டி, வெட்டிய துண்டாலேயே தேய்த்தால் பால் வெள்ளை நுரையாக வெளியேறிவிடும். பிறகு தீக்குச்சி கனத்தில் அரிந்து, உப்புப் பிசறிப் பிழிந்து, அரைத்த மிளகாய், உலர்ந்த இறாலோடு தேங்காய்ப்பாலில் கொதிக்கவிடுவார். நோன்புப் பெருநாளான லெபரானுக்கு, ஓலையில் வேகவைத்த சோற்றுக் கட்டியான கெத்துபாட்டோடு அந்தக் குழம்பு இல்லாமல் அவர் வீட்டில் பந்தி கிடையாது. மற்ற நாட்களில் புளிக்குழம்பான சாயுர் அசெமில் அதே காய். கூடவே மக்காச்சோளமும் நிலக்கடலையும்; அவையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். மேற்கு ஜாவாவின் சுண்டா மக்கள் வீடுகளில் லாபு சியாமைப் பிஞ்சாக அவித்து சம்பலில் தொட்டுக்கொள்வார்கள்.

இன்று எங்கள் தெருவில் வண்டிச் சத்தம் குறைந்துவிட்டது. காய்கறிப் பட்டியல் வாட்ஸ்அப்பில் போகிறது. சூப்பர் மார்க்கெட்டில், சாயுர் அசெமுக்கு வேண்டியதெல்லாம் ஒரே பாக்கெட்டில் கிடைக்கிறது. அங்கே வெளிநாட்டுக் காய்கள் அடுக்கில் சுக்கினி கூடுதல் விலையில் இருக்கிறது. உள்ளூர்க் காய்கள் அடுக்கில் லாபு சியாம் மலிவாக இருக்கிறது. சுக்கினியின் மூதாதைப் பூசணியும் மெக்சிகோ மண்ணில் விளைந்ததுதான். ஒன்று இத்தாலியில் வளர்ந்து அண்மையில் வந்தது. மற்றொன்று தலைமுறை தலைமுறையாக இந்த அடுப்பில் வெந்தது. வித்தியாசம் அவ்வளவே.

உள்ளூர் அடுக்கில் லாபு சியாமை வைத்தது நூற்றுக்கு நூறு சரி. காய்க்கு ஊர் உரிமை கொடுப்பது சமையல்கட்டுதான். நாம் மட்டும் சௌசௌவையும் பீன்ஸையும் கேரட்டையும் இன்னும் ‘இங்கிலீஷ் காய்கறி’ என்கிறோம். கூட்டிலும் பொரியலிலும் இத்தனை காலம் சாப்பிட்டாயிற்று. இனியாவது அவற்றை நம்ம ஊர்க் காய் என்று சொல்வோம்.