ஒப்புகையார்

எதிர்வீட்டுக்காரர் எனக்குத் தபாலில் ஒரு கார்டு போட்டிருந்தார். எதிர்வீடு என்றால் நிஜமாகவே எதிர்வீடு. அவர் திண்ணையில் தும்மினால் எங்கள் வீட்டிலிருந்து ‘நூறு’ சொல்லலாம். அந்தக் கார்டு தபாலாபீசுக்குப் போய், முத்திரை குத்துப்பட்டு, மூன்றாம் நாள் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

“பொருள்: அன்பளிப்பு – சுவர்க் கடிகாரம் ஒன்று – வரப்பெற்றமை – நன்றி தெரிவித்தல் – சார்பு.

பார்வை: 31.05.2022 அன்று நடைபெற்ற பணி நிறைவு விழா.

பார்வையில் காணும் விழாவில் தங்களால் வழங்கப்பட்ட கடிகாரம் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கு நன்றி தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. பேட்டரி இணைக்கப்படவில்லை என்ற விவரம் தங்களின் கனிவான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது.”

பேட்டரி வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கும் ஒரு கார்டு வந்தது.

‘ஒப்புகையார்’ என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். முப்பத்தைந்து வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். நான் தினம் அந்த வழியாகத்தான் நடக்க வேண்டும். முதுகுளத்தூரில் இவர் ஒருத்தர்தான் இப்படி என்றும் இல்லை. கமுதி, பரமக்குடி, சாயல்குடி எங்கே போனாலும் ஊருக்கு நாலு பேர் தேறுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் இரண்டு பேனா இருக்கும். பேச்சில் ‘நான்’ இருக்காது. ஒருநாள் சாப்பாட்டின்போது இவர் மனைவியிடம், “குழம்பில் உப்புக் கூடுதலாக இருப்பதாகத் தெரியவருகிறது” என்று சொன்னது ஜன்னல் வழியாக எனக்கே கேட்டது. “அப்ப மேலதிகாரிக்கு எழுதிப் போடுங்க” என்று பதிலும் கேட்டது.

நன்றிக் கடித வரைவை அவர் பரிசு வருவதற்கு முன்பே தயார் செய்துவிட்டார். கணக்குப்படி 2020 மே மாதம், 58 முடிந்து ஓய்வு. அந்த மே மாதமே அரசு வயதை 59 ஆக்கியது. சரி, 2021 என்று தேதியைத் திருத்தினார். 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவிப்பு வந்தது. மறுபடி அடித்து எழுதினார். இரண்டு அடித்தலுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்திருந்தார், சொந்த நோட்டில்.

மே 31 என்பது எங்கள் ஊரில் முகூர்த்த நாள் மாதிரி. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, தலைக்குமேல் கையை வளைத்துக் காதைத் தொட்ட பையனுக்கெல்லாம் வாத்தியார் கைக்கு வந்த ஒரு ஜூன் தேதியை, பெரும்பாலும் ஒன்றாம் தேதியை, எழுதிவிட்டார். ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு முந்தின மாதக் கடைசி நாளோடு வேலை முடிகிறது. ஆகவே ஒரே நாளில் நாலைந்து பாராட்டு விழா, அத்தனைக்கும் அதே ஜவுளிக்கடைச் சால்வை. ஒப்புகையாருக்கு விழுந்த சால்வை நாற்பத்தொன்று. வெயிலில் கருவேல மரமே வாடுகிற ஊரில் நாற்பத்தொரு சால்வை!

மறுநாளே நீளக் கணக்கு நோட்டில் கோடு போட்டார். வரிசை எண், கொடுத்தவர், பொருள், உத்தேச மதிப்பு, நன்றி அனுப்பிய நாள், குறிப்புரை. 1973-ஆம் வருட அரசு ஊழியர் நடத்தை விதிகள் அன்பளிப்பு வாங்குவதைப் பற்றி எச்சரிக்கிறதாம். வாங்கியபின் எப்படி நன்றி சொல்வது என்று யாரும் விதி எழுதாமல் விட்டது அவருக்கு மனக்குறை. அறுபது அஞ்சலட்டை வாங்கினார்; ஒன்று ஐம்பது காசு, மொத்தம் முப்பது ரூபாய். ஐம்பது காசுக்கு இன்னும் மரியாதை இருக்கிற ஒரே இடம் தபாலாபீஸ்தான் என்று எல்லோரிடமும் சொன்னார்.

இதில் சிக்கல் என்னவென்றால், எங்கள் பக்கம் வாயால் நன்றி சொல்வதே அபூர்வம். மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்து, அவர்கள் வீட்டுக் காதுகுத்தில் நூறு ரூபாய் கூட்டி எழுதினால் அதுதான் நன்றி. தபால் என்று ஒன்று வந்தால் கோர்ட் நோட்டீஸ், இல்லாவிட்டால் சொசைட்டிக் கடன்.

ஆபீசுக்கு இருபது வருடம் டீ கொண்டுவந்த ஆத்தா ஒரு சில்வர் அண்டா கொடுத்திருந்தது. கார்டு போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே பேரனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. முந்தானை முடிச்சில் ஒரு காகிதம்.

“சாரு, அண்டா நாங்க காசு குடுத்து வாங்குனதுதான். பில்லு இருக்கு, பாருங்க.”

“ஆத்தா, அது நன்றிக் கடிதம்.”

“நன்றின்னா எதுக்குச் சாரு கெவருமெண்டு எழுத்துல இருக்கு? இவன் படிச்சான், எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.”

அவர் சமாதானம் சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினார். பில்லை மட்டும் வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

நோட்டில் நிலுவையில் நின்றது ஒரே இனம். விழா அன்று இரவு யாரோ திண்ணையில் கால் மூடை முண்டு வத்தல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெயர் இல்லை, சீட்டு இல்லை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ல்தான். அதற்கு முந்தின வருடம் அது வெறும் வத்தல். ஆனால் நல்ல உருண்டை, நல்ல சிவப்பு, தரமான சரக்கு. கமிஷன் கடைகளில் விசாரித்தார். சாக்கை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தார். ‘கொடுத்தவர்’ என்ற கட்டம் காலியாகவே இருந்தது.

பிறகு ஆபீஸ் ஞாபகத்திலிருந்து தேட ஆரம்பித்தார். மனு கொடுத்த அன்றே காரியம் முடிந்து போனவர்கள் யார் யார் என்று எழுதினார். அரைப் பக்கம்கூட வரவில்லை. “நாளைக்கு வா” என்று திருப்பி அனுப்பியவர்களை எழுதத் தொடங்கினார். பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

“இதுல எவனோ ஒருத்தன்தான் வச்சிருப்பான்னு சொல்றீங்களா?” என்றார் மனைவி, வத்தல் வறுத்துக்கொண்டே.

“உறுதி செய்யப்படவில்லை.”

தெரு முழுக்கத் தும்மல். நான் வாசல் கதவைச் சாத்தப் போனபோது பார்த்தேன். கார்டுக் கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் கார்டில் ‘பொருள்’ என்று எழுதி முக்காற்புள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கைத் துடைத்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். வத்தல் நெடி அப்படி.