கோழிக்கு ஏது தவக்காலம்?

எங்கள் ராயபுரத்துக்கு அந்தப் பெயர் ராயப்பரால் வந்ததாகச் சொல்வார்கள். பீட்டர் என்கிற அதே அப்போஸ்தலர்தான். 1829-இல் படகுக்காரர்கள் கட்டிய கோயில் இன்னும் அவர் பெயரில்தான் நிற்கிறது. சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை மறுத்தவர். அவர் பெயர் வைத்த ஊரில் இருந்துகொண்டு, "ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போடணும், ஒரு ட்ரே வாங்கிட்டு வாங்க" என்று வீட்டில் சொன்னால், எனக்கு ஒரு தடவைகூட மறுக்க வாய் வருவதில்லை.

இது மாமியார் வீட்டு வழக்கம். அங்கே பக்கத்து வீட்டில் ரயில்வேக்கார ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று இருந்ததாம். ஊரை விட்டுப் போகும்போது மேஜை நாற்காலியை எல்லாம் விற்றுவிட்டு, இதை மட்டும் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"ஏம்பா முட்டை?" என்றாள் பெரியவள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் தவக்காலத்தில் கறி மட்டுமில்லை, முட்டையும் கூடாது. கோழிக்கு ஏது தவக்காலம், அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தது, சேர்ந்ததையெல்லாம் ஈஸ்டருக்குத் தின்று தீர்த்தார்கள் என்று விளக்கினேன். "நீ என்னப்பா விட்டே?" என்றாள். காசிமேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் கறியை ஒறுத்து வஞ்சிரம் தின்றவன் நான். பேச்சை மாற்றினேன்.

சாயத் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விடவேண்டும். அந்தப் புளிப்பு இருந்தால்தான் ஓட்டில் நிறம் பிடிக்கும். ரெண்டு ஸ்பூனுக்காக ஒரு பாட்டிலா என்று நான் வாங்காமல் வந்துவிட்டேன். ஊதாச் சாயம் முட்டையில் ஏறவில்லை. என் கையில் ஏறியது.

பிறகு மனைவி பொறுப்பை எடுத்துக்கொண்டாள். வெங்காயச் சருகில் வெந்தவை செங்கல் நிறத்திலும், மஞ்சள்தூளில் வெந்தவை பளீரென்றும் வந்தன. என் வேலை துடைத்து அடுக்குவது. கை கழுவிக்கொண்டிருந்தவன் சோப்புக் கையோடே துடைத்துவிட்டேன். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதல்லவா, சோப்பிலும் அந்தக் காரம் உண்டு. விரல் பட்ட இடமெல்லாம் சிவப்புத் திட்டு. "அம்மா, அப்பா தொட்டதுக்கெல்லாம் அம்மை போட்டிருக்கு" என்று கத்தினான் சின்னவன்.

அன்று ராத்திரி பாஸ்கா பூசையில் மெழுகுவர்த்தியைப் பிடித்து நின்றபோது, பத்து விரலிலும் கள்ள ஓட்டுப் போட்டவன் மாதிரி இருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் குனிந்து, "எந்தக் கட்சிக்கு, தம்பி?" என்றார்.

நல்ல முட்டைகள் அக்கம்பக்கத்துக்குப் போயின. மிச்சம் எனக்கு. அது 2025, ஈஸ்டர் ஏப்ரல் 20-இல் வந்தது. விசைப்படகுகளுக்கோ 15-ஆம் தேதியே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, 61 நாள். மீன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிய வீட்டில் வேறென்ன, முட்டைக் குழம்புதான். வெடித்த முட்டைகளில் ஊதா உள்ளே இறங்கி, வெள்ளைக்கருவில் நரம்பு நரம்பாக ஓடியிருந்தது. ஆபீசில் டப்பாவைத் திறந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் நாமக்கல்காரர், கோழிப்பண்ணை வீட்டுப் பிள்ளை. வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"சார், எங்க ஊர்ல கோழி இப்படிப் போட்டா, முதல்ல டாக்டரைக் கூப்பிடுவோம்."