உளி கணக்கில் வராது

விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் 'ஒன்றும் வாங்காதவர்' என்று ஒரு வகை மனிதர் உண்டு. வயது அறுபதை ஒட்டி இருக்கும். இரண்டு ஏக்கர் கொல்லை, ஒரு கிணறு, ஒரு கறவை மாடு, நாலைந்து ஆடு, கோழி, வரப்பில் பனை, வாசலில் முருங்கை. அவ்வளவுதான் அவருடைய சாம்ராஜ்யம். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில், மண்டகப்பட்டுப் பக்கம் இந்த வகை நன்றாகவே செழிக்கிறது. ஆளை அடையாளம் காண்பது சுலபம். பேச ஆரம்பித்த மூன்றாவது வாக்கியத்தில், "நான் கடைக்குப் போறது உப்புக்கும் தீப்பெட்டிக்கும்தான்" என்று வந்துவிடும். உப்பு இதே மாவட்டத்து மரக்காணத்தில் விளைவதால் அதை அவர் பாதி சொந்த வெள்ளாமையாகவே நினைக்கிறார். மிஞ்சுவது தீப்பெட்டி. 14 ஆண்டுகளாக 1 ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் ஆனபோது, நாட்டில் இவர் அளவுக்குக் கொந்தளித்தவர் இருக்க முடியாது. மொத்த இறக்குமதிச் செலவும் ஒரே நாளில் இரட்டிப்பாகிவிட்டதே!

கிண்டல் செய்வதற்கு முன் அந்த வீட்டின் திறமையை ஒப்புக்கொண்டாக வேண்டும். மல்லாட்டை என்கிற நிலக்கடலை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். பருப்பு செக்குக்குப் போகிறது. எண்ணெய் வீட்டுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு. கொடியும் மாட்டுக்கே. தோல் அடுப்புக்கு. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும், விதை உளுந்தில் கலந்து வைக்கவும், கத்தரிச் செடியில் அசுவினி விழுந்தால் தூவவும் ஆகிறது. சாணத்தில் ஒரு பங்கு வாசலுக்கு, ஒரு பங்கு வரட்டிக்கு, மிச்சம் எருக்குழிக்கு. பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பிவிட்டால் பூச்சி அண்டாது. அடுத்த பட்டத்துக்குப் பெயர்த்து எடுத்துக்கொள்ளலாம். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பது உண்டு. வேப்பங்கொட்டையை இடித்து, ஊறவைத்து, வடிகட்டிச் செடிக்குத் தெளிப்பதும் உண்டு. வேளாண்மைப் பல்கலைக்கழகம் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் என்று சிபாரிசு செய்வதும் இதைத்தான். தன் கொல்லையைப் பார்த்துத்தான் அவர்கள் எழுதிக்கொண்டார்கள் என்பது நம்மவரின் உறுதியான கருத்து.

துணிமணியிலும் இதே கதை. அந்த வீட்டில் வேட்டிக்குச் சாவு கிடையாது. துண்டாகும், கோவணமாகும், சோறு வடிக்கும் துணியாகும், கரித்துணியாகும், கடைசியில் விளக்குத் திரியாகும். இந்த வரிசை எப்போதாவது முன்பின்னாக மாறுவதுண்டா என்று விருந்தாளிகள் விசாரிப்பதில்லை.

இந்த வாழ்க்கை முறைக்கு மண்டகப்பட்டில் கல்வெட்டு ஆதாரமே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். முகப்பில் இரண்டு வாயிற்காவலர்கள். பின்சுவரில் மூன்று கருவறைகள், இன்று வெறுமையாக. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் நான்முகனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் இதைச் செய்தான் என்கிறது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர். என்ன கட்டினான் என்பதைவிட எதையெல்லாம் சேர்க்கவில்லை என்பதையே கல்வெட்டு அழுத்திச் சொல்கிறது. ஒன்றும் வாங்காதவரின் திண்ணைப் பேச்சும் அச்சு அசலாக இதுதான். ஆனால் அந்தப் பாறையைக் குடைந்தது இரும்பு உளி. கோயிலில் உலோகம் இல்லை. கோயில் செய்த கைகளில் இருந்தது. அது கல்வெட்டில் ஏறவில்லை.

மகேந்திரனுக்கு இந்த வேடிக்கை புரியாமல் இருந்திருக்காது. மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதியவன் அவன். அதில் வரும் காபாலிகன் நம்பியிருப்பது ஒரு மண்டையோட்டுப் பாத்திரத்தை. அது காணாமல் போனதும் அவன் காஞ்சித் தெருவில் செய்யும் ரகளை, கஜானா கொள்ளைபோன ராஜா செய்யக்கூடியது. தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்.

நம்மவரின் உளிகள் பல. முதலாவது கிணற்று மோட்டார். "என் கிணறு, என் தண்ணி" என்பார். அதை மேலே ஏற்றும் மின்சாரம் 1990 வாக்கிலிருந்து விவசாயிகளுக்கு இலவசம். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசியும் இலவசம். அதைப் போய் எடுத்துவருவது வாங்குவதில் சேராது. அது தானாக வருவது. ஏணி, கடப்பாரை, மருந்து தெளிக்கும் பம்பு எல்லாம் அக்கம்பக்கத்தில் இருக்கும்போது சொந்தமாக எதற்கு? கேட்க வரும் பையனுக்குப் பதில் தயாராக இருக்கும்.

"இன்னா பெரியப்பா, எங்க கடப்பாரை உங்க வூட்லயா கீது?"

"கீது கீது, எங்க போவப்போவுது? எங்க வூட்டுத் தவலை உங்க வூட்ல கீதே, நான் கேட்டனா?"

தவலை போனது அந்தப் பையன் பிறப்பதற்கு முன்னால்.

நம்மவரைப் பார்த்துத் தற்சார்பு பழக, சென்னையிலிருந்து நிலம் வாங்கி வருகிறவர் ஒரு கிளை வகை. இவர் நிறைய வாங்கித்தான் ஒன்றும் வாங்காதவராக முடியும்: சொட்டுநீர்க் குழாய், மண்பானை, மரச்செக்கு, அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் புத்தகம். தோரோ 1845இலிருந்து 1847 வரை வால்டன் குளக்கரையில் தனிக் குடிசை போட்டு வாழ்ந்தபோது அவருடைய அம்மா வீடு நடந்துபோகும் தூரத்தில்தான் இருந்தது. சென்னைக்காரருக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பேருந்து இருக்கிறது.

செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு விற்கப் போகும்போது நம்மவர் கோட்டையைக் காட்டிப் பாடம் எடுப்பார். களஞ்சியமும் சுனையும் இருந்ததால்தான் முகலாயர் 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டுத் தவித்தார்கள் என்பது பாடம். களஞ்சியங்கள் உண்மை, இன்றும் நிற்கின்றன. ஆனால் உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம் தாக்குப்பிடித்ததற்கு, அவருடைய தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் வெளியிலிருந்து படையோடு வந்து முகலாயர்களின் தானிய வழியை அடைத்ததும் ஒரு காரணம். இந்தப் பகுதி அவருடைய பாடத்திட்டத்தில் கிடையாது.

எல்லாவற்றிலும் பெரிய உளி வீட்டுக்குள் இருக்கிறது. மேலே பதித்து, அப்பி, கட்டி, இடித்து, வடிகட்டி என்று வந்த வினைகள் அத்தனைக்கும் எழுவாய் அவருடைய மனைவி. விதை மல்லாட்டையின் தோல் கிழியாமல் கையால் உரிப்பதும், விடியற்காலையில் பால் கறந்து கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றுவதும் அந்த அம்மாள்தான். பால் பணம் நேராக அவர் கைக்கு வருகிறது. அதில் சோப்பு, சர்க்கரை, பேரனுக்கு பிஸ்கட், வீட்டுக்காரருக்கு முட்டிவலி மாத்திரை, டீத்தூள் எல்லாம் சத்தமில்லாமல் வந்து சேர்கின்றன. ஒன்றும் வாங்காதவர் ஒரு நாளைக்கு நான்கு டீ குடிக்கிறார். தேயிலை மண்டகப்பட்டில் விளைவதில்லை.